சுண்ணாம்பு அடித்த எரிமலை

சபையோர்களே, இப்போது சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் தாராளமாக அடுத்த பதிவுக்கு நகரலாம். எனக்கு வருத்தமில்லை. இருக்கிற கோபமே போதும்.

அழுகின முட்டையும் அணைத்த தீக்குச்சியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை... அந்தமானின் பாரன் தீவில் படகு கரையைத் தொடும் முன்பே அது மூக்கைத் தொட்டுவிடும். கந்தகம்.

அறுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். எரிமலையை ஆராய மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த சேஷாத்ரி சாருக்கு நான் கல் சுமக்கும் ஆள். சர்க்கார் காகிதத்தில் கலாசி. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பதவி, உதவி விஞ்ஞானி.

கருஞ்சாம்பல் சரிவு. ஓர் அடி ஏறினால் ஏழு அடி சறுக்கும். அந்தக் கணக்குப்படி நான் உச்சிக்குப் போனதே பின்பக்கமாகத்தான். கரையோரம் கடல் கொதிக்கும். மீன்கள் தாமே வெந்து, தாமே கரையேறி, இலை எங்கே என்று கேட்கும். யாரோ எப்போதோ விட்டுப்போன ஆடுகளும் உண்டு. கடல் தண்ணீர் குடித்து வளர்ந்தவை, கறிக்கு உப்பே வேண்டாம்.

சார் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி, புகை வரும் வெடிப்புக்குள் இறக்குவார். எழுதுவார். கல்லை உடைப்பார். அது எதன்மேல் கிடந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது... எழுதுவார்.

"எல்லாரும் இதச் செத்த மலைங்கறா முத்தையா. செத்ததா, தூங்கறதான்னு இந்தக் கல்லுங்கதான் சொல்லணும்."

ஒவ்வொரு கல்லையும் உரித்த தேங்காய் அளவுக்குச் செதுக்குவார். ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு. அது காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையில் நம்பர். அதே நம்பர் நோட்டிலும் ஏறும். பிறகு ஒரு சீட்டோடு துணிப்பைக்குள் போகும். பத்து நாளில் அறுபது கற்கள். சுமந்தது இந்தத் தலை. அந்தப் பாரத்தில்தான் நான் இந்த உயரத்துக்கு வந்தேன். அதற்கு முன் ஆறரை அடி.

போர்ட் பிளேர் திரும்பி, பைகளை அலுவலகத் தாழ்வாரத்தில் அடுக்கினோம். நாலு நாளில் சாருக்குக் கப்பல். மழை இறங்கிவிட்டால் அந்தத் தீவுப் பக்கம் ஒரு படகும் போகாது. மரப்பெட்டி செய்யச் சொல்ல, மறுநாள் இருவரும் அபர்டீன் பஜாருக்குப் போனோம். ஆசாரி தட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தால்... கேட்டிலிருந்து படிக்கட்டு வரை, பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கற்கள். ஒன்று வெள்ளை, ஒன்று காவி. ஒன்று வெள்ளை, ஒன்று காவி. ஈரம்கூடக் காயவில்லை.

நடுவில் ஆபீஸ் சூப்பிரண்டு தணிகாசலம், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற தோரணையில் நின்றார்.

"எப்படி சார் இருக்கு? நாளைக்குப் படா சாப், நம்ம பெரிய ஆபீசர், வர்றாரு. பத்தர், அதான் கல்லு, தேடி ஆளனுப்ப வேணாம்னு ஆகிப்போச்சு. எல்லாம் ஒரே சைஸ்ல செதுக்கி வச்சிருந்தீங்க பாருங்க, பஹுத் அச்சா."

பைகள்? சுண்ணாம்பு வடிகட்ட எடுத்தாயிற்று. சீட்டுகள்? குப்பையோடு கொளுத்தியாயிற்று.

"யோவ், அது எரிமலைக் கல்லுய்யா" என்றேன்.

"அரே, அதான் ஆறிப்போச்சேப்பா. சாப் போனதும் எடுத்துக்க. நான் என்ன மனாவா பண்ணேன், எடுக்காதேன்னா சொன்னேன்?"

எனக்கு வந்த கோபத்தில் அன்று போர்ட் பிளேர் நாலு அங்குலம் கிழக்கே நகர்ந்தது. இன்னும் திரும்பவில்லை.

சார், மறுநாள் படா சாப்பின் வண்டி கேட்டைத் தாண்டும்வரைதான் பொறுத்தார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். தன் பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பாதையோரம் உட்கார்ந்தார். வஜ்ரப் பசை காய்ச்சிக் கலந்த சுண்ணாம்பு... லேசில் விடுமா? சில கற்களில் பூச்சு போய் நம்பர் தெரிந்தது. சிலவற்றில் பூச்சோடு பொட்டும் உரிந்துபோனது. இரண்டு நாள் தேய்த்தோம். கடைசியில் பதினேழு கற்கள் மொட்டையாக நின்றன. நோட்டைப் பார்த்தால், உச்சியில் புகை வெடிப்புப் பக்கம் எடுத்தது பெரும்பாலும் அந்தப் பதினேழில்தான். மலை மூச்சுவிடுகிறதா என்று சொல்ல வேண்டிய கற்கள்.

"சார், நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. சுமந்தவனுக்குத் தெரியாதா? இது என் கழுத்தக் கீறினது, உச்சியில எடுத்தது. இது ஓடைக்குக் கீழ..." பதினேழுக்கும் ஒரே மூச்சில் ஊர், பேர் சொல்லி முடித்தேன்.

சார் சாக்கை விரித்தார். பதினேழையும் கலைத்துப் போட்டார்.

"இப்ப சொல்லு."

சொன்னேன். ஒன்றிரண்டு மாறியிருக்கலாம்.

சார் பேனாவை மூடினார்.

"நாளைக்கு ஒருத்தன் இத நம்பிண்டு, செத்த மலை, பயமில்லைன்னு எழுதிடுவான். அந்தப் பக்கம் மீனுக்குப் போறவன் என்னாவான்?"

நோட்டில் பதினேழு வரிகளுக்கு நேரே "கல் இல்லை" என்று எழுதினார். தூங்குகிறதா, செத்ததா... அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமலே கப்பல் ஏறினார். சூப்பிரண்டோ, படா சாப் கையால் முதுகில் தட்டு வாங்கியிருந்தார். அந்தப் பதினேழும் மறுபடி பாதைக்கே போயின, புதுச் சுண்ணாம்போடு.

வெகுகாலம் கழித்து அந்த மலை கண்ணைத் திறந்து நெருப்பைக் கக்கியது. இன்றைக்கு வானத்திலிருந்து சாட்டிலைட் அதை உற்றுப் பார்க்கிறது. சந்தோஷம். ஆனால் நேற்று எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில், "நம்ம பாரன், இன்று காலை" என்று ஒரு படம். மலை உச்சியில் பனி. அந்தமானில் பனி. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று கேட்டேன். "தெரியல பெரியப்பா, வந்துச்சு, அனுப்பினேன்" என்கிறான், படித்த பிள்ளை. பல் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்த அந்த முதுகு ஞாபகம் வந்தது.

சரி. மேலே சொன்னதில் உங்களுக்கு வேண்டிய அளவு கழித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். சார் கலைத்துப் போட்டுக் கேட்டாரே, அது நிஜம். மாறியது ஒன்றிரண்டு இல்லை.

பதினேழும் மாறின.