சிவப்புப் பட்டன்

எங்கள் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. சட்டை தைக்கும் கம்பெனியில் எங்கள் லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். வீட்டிலும் அவள் அதிகாரம், வேலையிலும் அவள் அதிகாரம் என்றால் மனுஷி எங்கேதான் மூச்சு விடுவது?

இருபது வருடம் மிஷினில் குனிந்து மேலே வந்தவள். அந்தச் சிவப்புப் பட்டனும் அவள் மூளையில் உதித்ததுதான். முப்பது பெண்களுக்கு ஒரே கழிப்பறை. யார் முந்துவது என்று தினமும் சண்டை. ஒரு பெரிய கோட்டுப் பட்டனை நூலில் கோத்துத் தூணில் மாட்டினாள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டவள் போகலாம். அவள் திரும்பி வந்து மாட்டியதும் அடுத்தவள். சண்டை ஓய்ந்தது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். எல்லா லைனிலும் பட்டன் தொங்கியது. பிறகு, ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டே தடவை என்றார். நாங்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்தோம். அண்ணி கண்டும் காணாதது மாதிரி இருந்தாள்.

காஜா அடிக்கும் பெண்ணுக்கு ஏழாம் மாதம். அவள் துளை போட்டுத் தந்தால்தான் நான் பட்டன் தைக்க முடியும். ஒரு நாள் மூன்றாம் தடவை எழுந்தாள். கை சும்மா இருக்குமே என்ற எரிச்சலில், "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்றேன். அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணிக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். அண்ணி கூடாது என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் ஸ்டூலுக்கு அடியில் தரை நனைந்தது. வெட்டுத்துணி கொண்டுவந்து மண்டியிட்டுத் துடைத்தது அண்ணிதான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்தப் பெண் வரவில்லை. மூன்று நாள் சொல்லாமல் நின்றால் வேலை போய்விடும். பேறுகால விடுப்பும் போய்விடும். அண்ணி வீடு தேடிப் போனாள். கதவு திறக்கவில்லையாம். எந்த மூஞ்சியோடு வருவது என்று உள்ளிருந்தே அழுதாளாம்.

மூன்றாம் நாள் காலை, மிஷின் ஓடுவதற்கு முன் அண்ணி எங்களைக் கூட்டினாள்.

"மாட்டினது நான். தலையாட்டினதும் நான். ஆனா நான் மட்டும் கழட்டினா, நாளைக்கு வேற ஒருத்திய விட்டு மாட்டுவாங்க."

அவள் என்னைச் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "'இப்பத்தானே போயிட்டு வந்தே'ன்னு அவளக் கேட்டது நான்" என்றேன்.

அண்ணி கத்தரியால் நூலை வெட்டினாள். வந்திருந்த அத்தனை பேரும் எழுந்துபோய்க் கழிப்பறை வாசலில் வரிசை கட்டினோம். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து லைனும் எழுந்தது. முற்றத்தில் லாரி சரக்குக்குக் காத்திருந்தது. மேனேஜர் கத்தினார், மிரட்டினார், கடைசியில் கெஞ்சினார். ஒருத்தியும் உட்காரவில்லை. மத்தியானத்துக்குள் எழுதிக் கொடுத்தார்: பட்டனும் கிடையாது, தடவைக் கணக்கும் கிடையாது, காஜாப் பெண்ணின் வேலைக்குப் பங்கமில்லை. அண்ணியை மட்டும் பிசிறு வெட்டும் மேஜைக்கு இறக்கினார். அதற்காகவும் வரிசையில் நிற்கிறோம் என்றோம். "விடுங்க, நான் செஞ்சதுக்கு அது எனக்கு வேணும்" என்றாள் அண்ணி.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். அரை பாட்டில் தண்ணீரை எங்கள் எதிரிலேயே குடித்தாள். ஒரு மணி நேரத்தில் எழுந்து போனாள். திரும்பி வரும்வரை என் கை சும்மாதான் இருந்தது. இருந்தால் என்ன குறைந்துவிட்டது?