மணல் வாளியில் நின்ற மெழுகுதிரி

டர்பன்டைன் வாடையும் உருகிய மெழுகு வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது...

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம். எனக்குப் பத்தொன்பது வயது. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து ரயிலேறி, கொட்டாஞ்சேனையில் ஒரு பெயின்ட் ஸ்டோருக்கு டைப்பிஸ்ட்டாகப் போய்வந்தேன். என் மேசைக்குப் பின்னால் டர்பன்டைன் பீப்பாக்கள், அவற்றை உருட்டுகிற ஆறு பேர். வெளியே போக ஒரே ஒரு வாசல்.

வாசலருகே அந்தோனியார் படம். செவ்வாய்க்கிழமைதோறும் ஹெட் கிளார்க் அதன் முன்னால் மெழுகுதிரி ஏற்றுவார். காற்றுக்குச் சாயக் கூடாதென்று எதில் நட்டு வைப்பார் தெரியுமா? தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியில். அந்த வாளியை வைப்பது ஒரு பீப்பாவின் தலையில்.

சட்டென்று தீப்பிடிக்கும் என்ற அர்த்தத்தில் 'இன்ஃப்ளேமபிள்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் டைப் செய்து, படத்துக்குக் கீழே ஒட்டினேன்.

"சேர், இதை ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது லத்தீன் சொல்லு பிள்ளை. இன்ஃப்ளமாரே. கொளுத்துறது எண்டு அர்த்தம். எங்கட பூசைப் பாஷை."

"அதைத்தான் சேர் நானும் சொல்லுறன். மெழுகுதிரி..."

"முன்னுக்கு நிக்கிற 'இன்' இருக்கெல்லோ, அது 'உள்ளுக்கு' எண்டது..."

அரை மணி நேரம். சொல் அவருக்கு வேரோடு தெரிந்திருந்தது. திரியை மட்டும் அணைக்கவில்லை.

அடுத்த செவ்வாய் துறைமுகப் பக்கமிருந்து நல்ல காற்று. பசை விட்டு, காகிதத்தின் நுனி சுருண்டு சுடரில் பட்டது. முதலில் பற்றியது நான் டைப் செய்த நோட்டீஸ்தான்.

எரிந்தபடியே பீப்பாவின் மேல் விழுந்தது. உள்ளே ஆறு பேரும் இருந்தார்கள். மெழுகுதிரியைப் பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு, வாளி மணலை அப்படியே கொட்டினேன். அணைந்தது.

ஹெட் கிளார்க் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாத்தீரே பிள்ளை, அந்தோனியார் காப்பாத்திப்போட்டார்."

அடுத்த செவ்வாய் இரண்டு மெழுகுதிரி. ஒன்று வழக்கத்துக்கு, மற்றது நன்றிக்கு. நான் என் மேசையை வாசலோடு இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த ஆறு பேரையும் எங்கே இழுத்துப் போடுவது?

இப்போது வாசிக்கவே தேவையில்லை, டர்பன்டைன் டின்னில் நெருப்புப் படமே போட்டு விற்கிறார்கள். நேற்று என் பேரன் குசினியில் அடுப்புப் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துச் சொல்கிறான்:

"அம்மம்மா, 'இன்' எண்டா 'இல்லை' எண்டு சனம் பிழையா விளங்கினதாலதானாம், பிறகு ஃப்ளேமபிள் எண்டு போடத் தொடங்கினவை. இன்ட்ரஸ்டிங் என்ன?"

இன்ட்ரஸ்டிங்தான். அவன் காலடியில் காஸ் சிலிண்டர். அதை ஒட்டி, கொசுவை விரட்டக் கொளுத்திய நுளம்புத்திரி புகைந்துகொண்டிருந்தது.

ஹெட் கிளார்க்காவது அந்தோனியாரை நம்பினார்... இவன் யாரை நம்பினான் என்று தெரியவில்லை. கையிலிருந்த தேத்தண்ணியை நுளம்புத்திரி மேல் ஊற்றினேன்.