புள்ளியைத் தூக்கியவர்

நெல்லித்தோப்பு பிரவுசிங் சென்டரில் தினமும் நான் வருவதற்கு முன் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுபவர், ஒரு பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். தங்க ஃபிரேம் கண்ணாடி, கசங்காத சட்டை. கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் எண் எழுதும் முறையைப் பிரெஞ்சுக்கு மாற்றுவார். தசமப் புள்ளி போய் கமா வந்துவிடும். திருப்பி வைக்கமாட்டார், மகாராஜா.

ஒருநாள், சாயங்காலத்துக்குள் கட்டட அளவுகளைக் கொடுக்காவிட்டால் என் வேலை போய்விடும். 3.25, 4.5 என்று எக்செல்லில் அடித்தேன். புள்ளி வைத்த எதையும் அது எண்ணாகவே மதிக்கவில்லை. கூட்டுத்தொகை பூஜ்ஜியம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன்.

“சார், புள்ளிய ஏன் தூக்கறீங்க?”

“உலகம் பூரா கமாதான்பா.”

“எந்த உலகம் சார்?”

“பிரான்ஸ்.”

திருப்பி மாற்ற எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கமா வைத்து மறுபடி அடிப்பதற்குள் ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். வேலை போனது. மறுநாள் வேறு வேலைக்கு மனு அடிக்கப் போனபோது அவர் திரையை எட்டிப் பார்த்தேன். தன் சர்க்கரை அளவை அடித்துக்கொண்டிருந்தார்: 140, 152, 138. அத்தனையும் முழு எண். அவருக்குக் கமா எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.