பிள்ளையார்பாளையத்தில் காய்த்த பட்டாணி

கொதிக்கிற சாயத் தண்ணீரின் ஆவி… அதில் முங்கி எழுந்த பட்டின் ஈர வாடை. எழுபதுகளின் தொடக்கத்தில் கோத்தகிரியிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு, பிள்ளையார்பாளையம் என்றால் முதலில் அந்த வாடைதான்.

மாமனார் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். வீட்டுக்குப் பின்னால் சாய அடுப்பு. அதைத் தாண்டி, ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண் சும்மா கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அம்மா வீட்டுத் தோட்டத்துப் பட்டாணி விதை ஒரு பிடி என் பெட்டியில் இருந்தது.

மாமியாரிடம் கேட்டேன். சிரித்தே விட்டார்.

"இன்னாம்மா நீ… இந்த ஊர் வெயிலுக்குப் பட்டாணியா? கடையில மூட்டை மூட்டையா இருக்குதே!"

மாமனார் மட்டும், "பொங்கல் வரைக்கும் பாரும்மா. வர்லன்னா அங்க ரெண்டாவது அடுப்பு போட்டுடுவேன்" என்றார்.

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்தத் துண்டு மண்தான். விட மனசில்லை.

ஐப்பசி பிறந்ததும், மழை விட்ட ஒரு காலையில் விதைத்தேன். முளைத்தது, இலை விட்டது… ஒரே வாரத்தில் அத்தனையும் கருகிப் போனது. குனிந்து பார்த்தால் மண் சிவந்திருக்கிறது! நூல் அலசிய தண்ணீரை மாமியார் செடிக்கு ஊற்றியிருக்கிறார்.

"வீணா போவுதேன்னுதாம்மா ஊத்தினேன்" என்றார் பாவம். கோபப்படக்கூட முடியவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

மிச்சம் இருந்தது பதினோரு விதை. சாயம் இறங்கிய மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, புது மண்ணும் எருவும் நிரப்பி, சுற்றிலும் செங்கல் அடுக்கினேன். கார்த்திகை முதல் வாரம் ஊன்றினேன். கிணற்றுத் தண்ணீர் தவிர வேறெதையும் அண்ட விடவில்லை. குச்சி நட்டு, பக்கத்து வீட்டுத் தறியில் அறுந்த நூல் மிச்சங்களைக் கட்டிவிட்டேன். பட்டு நூலைப் பிடித்து ஏறிய பட்டாணி வேறெந்த ஊரில் உண்டு, சொல்லுங்கள்!

மார்கழிப் பனியில் வெள்ளை வெள்ளையாகப் பூ. அப்புறம்… காய்!

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு கூடையோடு போனேன். மாமியார் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, பறிக்காதம்மா! இன்னும் காயவே இல்லியே!" கல்லு மாதிரி காய்ந்து கிடக்கும் மளிகைக் கடைப் பட்டாணியைத்தான் அவர் அதுவரை பார்த்திருக்கிறார்.

"இதைப் பச்சையாவே சாப்பிடலாம் அத்தை" என்று ஒரு காயை உரித்து நீட்டினேன். சந்தேகத்தோடு ஒரு மணியை வாயில் போட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அவரே கொடியில் கை வைத்தார்.

"தித்திக்குதேம்மா!"

அடுத்த நிமிடம் வேலி மேல் எட்டி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். "எங்க வூட்ல பட்டாணி காச்சிருக்குது, வந்து பாரு! எங்க மருமக போட்டது!"

தெருவே வந்து பார்த்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. மாமனார் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "அடுப்ப வேற எங்கியாவது போட்டுக்கலாம். இது உன் எடம்மா" என்றார்.

இன்று செவிலிமேட்டில் புது வீடு. ஃப்ரீஸரில் வருஷம் முழுக்கப் பட்டாணி பாக்கெட் இருக்கிறது. நல்ல பட்டாணிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "எங்க மருமக போட்டது" என்று ஊரைக் கூப்பிட்டுச் சொல்ல அத்தை இல்லையே…