முப்பதுக்கு நாற்பது

போன ஞாயிற்றுக்கிழமை மகன் தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பழைய அடுக்ககத்தில் வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். வளாகத்தின் வரைபடத்தைப் போட்டிருந்தார்கள். நீச்சல் குளம் நீலம், புல்வெளி பச்சை, கார் நிறுத்துமிடம் சாம்பல். வடகிழக்கு மூலையில் ஒரு சின்னக் கட்டம். பக்கத்தில் 'பழமையான அம்மன் கோவில்' என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும். அதை வரைந்தவனே நான்தான்.

உடனே மூக்கில் அம்மோனியா நெடி ஏறியது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஏறியது. தொண்ணூறுகளில் வரைபடத்துக்கு நகல் எடுப்பது அம்மோனியாவில்தான். அந்தக் கடையில் ஐந்து நிமிஷம் நின்றால் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஓசூர் ரோட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் டிராஃப்ட்ஸ்மேன். திருப்பத்தூரிலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழையும் நிறைய கர்வத்தையும் எடுத்துக்கொண்டு வந்தவன். பகலில் பல்சக்கரம் வரைவேன். சாயங்காலத்தில் கூட வேலை செய்பவர்களுக்கு வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பேன். யார் வந்தாலும் ஒரே அளவுதான், முப்பதுக்கு நாற்பது அடி. பெங்களூரில் அன்றைக்கு 'சைட்' என்றால் அதுதான். எனக்கும் அப்படி ஒன்று வாங்கும் ஆசை இருந்தது.

குடியிருந்தது பக்கத்துக் கிராமத்தில், ஜயம்மக்கா வீட்டு மாடி அறையில். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை, நாலு மாடு இருந்தது. அந்த நாலு மாட்டை வைத்துத்தான் பெண்ணைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் மேய்ந்தது ஊர் மைதானத்தில். நம் பக்கத்தில் மேய்ச்சல் புறம்போக்கு என்போமே, அது. புளியமரங்கள், ஒரு குட்டை, எழுத்து தேய்ந்துபோன வீரக்கற்கள், அவற்றுக்கு நடுவில் பிசிலு மாரம்மா. பிசிலு என்றால் கன்னடத்தில் வெயில். அவள் வெயிலிலும் மழையிலும் நிற்பவள், தலைக்கு மேல் கூரை ஆகாது. திருவிழாவில் ஊர் மாடுகள் எல்லாம் கொம்பில் மஞ்சளோடு அவளை மூன்று சுற்று சுற்றும். முதல் வருஷம் நானும் பக்தியோடு பின்னால் போய், சாணத்தில் வழுக்கி, அம்மன் முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தேன். "பக்தி ஜாஸ்தி ஆயிடுச்சு தம்பிக்கு" என்று ஜயம்மக்கா ஒரு மாதம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் காலையில் மைதானத்தில் போர்டு முளைத்திருந்தது. இந்த இடம் இன்ன கம்பெனிக்குச் சொந்தம், அத்துமீறி நுழையாதே. ஊர் கொதித்துவிட்டது. போர்டைப் பிடுங்கினார்கள், மறுநாள் இன்னொன்று நின்றது. மாடுகளை ஓட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தார்கள். ஜயம்மக்கா தன் செவலையை வாசல் கம்பத்தில் கட்டிவிட்டு, "மொதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க ஸார், அப்புறம் நான் கேக்கறேன்" என்றார். அதிகாரி விசாரணைக்குத் தேதி கொடுத்து அனுப்பினார்.

அன்று சாயங்காலமே புளியமரத்தடியில் கூட்டம். பழைய பஞ்சாயத்து சேர்மன் வெங்கடப்பா, "கோவில் கட்டிட்டா எவனும் கை வெக்க மாட்டான்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஜயம்மக்கா மட்டும் எழுந்தார். "அவ பிசில்ல நிக்கறவ. கூரை பேடா, வேணாம்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படித்தவன் அல்லவா, வழி சொன்னேன். "அக்கா, அம்மன் தலைக்கு நேரா ரெண்டடி தொறந்து விட்டுடலாம். வெயில் உள்ள விழும்."

"விழுமா தம்பி?"

"விழும்க்கா."

அவர் உட்கார்ந்துவிட்டார். "எஷ்டு ஜாகா, எவ்ளோ எடம் போடலாம், டிராயிங்?" என்று வெங்கடப்பா என்னைக் கேட்டார், ஊரில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். யோசிக்கவே இல்லை. "முப்பதுக்கு நாற்பது போதும்ண்ணா" என்றேன். கண்ணுக்கெட்டியவரை மைதானம் கிடக்க, நடுவில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொன்னேன், ஒருவருக்கும் அது விநோதமாகப் படவில்லை. மாடு புகுந்து விளக்கைத் தட்டிவிடாமலிருக்கச் சுற்றுச்சுவரும் வரைந்தேன். 'கோவில் எல்லை' என்று பெரிய எழுத்தில், அழகாக எழுதினேன். ஊரே கல் சுமந்து, மண் சுமந்து ஒரு மாதத்துக்குள் கட்டி முடித்தது.

விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் அதிகம் பேசவில்லை. எங்கள் மனுவோடு நாங்களே இணைத்திருந்த என் வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார், அவ்வளவுதான்.

"கோவில் இதுதானே?" என்று அதிகாரி கேட்டார்.

"ஹௌது ஸார்" என்று தலையாட்டினார் வெங்கடப்பா.

"இதை யாரும் தொட மாட்டாங்க. மிச்சம்?"

"மிச்சமும் அவளோடதுதான் ஸார்."

"அப்ப ஏன் சொவர் வெச்சீங்க?"

ஜயம்மக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் என் அழகான எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வேலி வந்தது. புளியமரங்கள் விழுந்தன. குட்டையை மண் போட்டு மூடினார்கள். நாலு மாடுகளும் ஒவ்வொன்றாக லாரி ஏறிப் போயின. ஒரு நாள் காலையில் ஜயம்மக்கா வழக்கம்போல் காப்பி கொண்டுவந்தார். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. கீழே எட்டிப் பார்த்தால், மாடுகளின் காலித் தொட்டிக்குள் கிழித்துப் போட்ட பால் பாக்கெட். "அக்கா, நான் மட்டும் அந்தக் கோடு போடாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"ஹோக்லி பிடு தம்பி, போவட்டும். நீ போடலேன்னாலும் அவங்க போட்டிருப்பாங்க."

இத்தனை வருஷமாக அதை நம்பப் பார்க்கிறேன். முடியவில்லை.

கட்டடம் எழும்பிய முதல் வருஷம் திருவிழாவுக்கு ஒரு நாள் கேட்டைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ஆட்கள் மட்டும் வரலாம், மாடு கூடாது என்றார்கள். அப்போது ஊரில் மாடே இல்லை. வெங்கடப்பா போய்ச் சேர்ந்தார். அவர் வீடு இடிபட்டு விடுதியானது. ஜயம்மக்கா வீட்டை விற்றுவிட்டு மாலூரில் பெண்ணோடு போய் இருந்தார். அவர் காலமும் அங்கேயே முடிந்தது. நான் ஒருமுறை காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போனேன். மழை ஒழுகுகிறதென்று அந்த இரண்டடித் திறப்பைக் கான்கிரீட் போட்டு அடைத்திருந்தார்கள். மாரம்மா தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கும்பிடக் கை வரவில்லை எனக்கு.

"அப்பா, ஒரே ஒரு டவுட்தான்" என்றான் மகன். "கோவில் இருக்கே, திருவிழா அது இதுன்னு வெளியாளுங்க உள்ள வந்து தொந்தரவு பண்ணுவாங்களா?"

"மாட்டாங்க" என்றேன். "வர்றதுக்கு யாரும் இல்ல."