ஜூஜுவாடியில் ஒரு 'கேரி ஆன்'

ஜூஜுவாடி சாவடியில் எங்கள் பஸ் நிற்கிறது. மைசூர்ப் பக்கத்துச் சாராயம் மதுவிலக்குள்ள இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதென்று பஸ்ஸில் ஏறி ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்து பார்க்கிறார் போலீஸ்காரர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'கேரி ஆன்' மட்டும்தான். சோதனை முடிந்த மாட்டுவண்டிக்குச் சொன்னால் போகலாம். அவரைப் பார்த்ததும் டீ கிளாசைக் கீழே வைத்தவரிடம் சொன்னால் பயமில்லாமல் குடிக்கலாம்.

என் பையில் தசமூலாரிஷ்ட மருந்து பாட்டில். அவர் தக்கையைப் பிடுங்கியதும் குப்பென்று சாராய வாடை.

"யாருக்கு இது?"

"கிருஷ்ணகிரியில தங்கச்சிக்குங்க. கொழந்தை பொறந்து ஒம்பது நாளாச்சு."

ஒரு சொட்டை நாக்கில் விட்டு முகம் சுளிக்கிறார். தக்கையை அவரே அழுத்தி மூடித் தருகிறார். அந்தக் கசப்புக்குப் பிறகு வேறெதையும் முகர மனமில்லை போலும். இறங்கி, துப்பிவிட்டு, பஸ்ஸைத் தட்டுகிறார்.

"கேரி ஆன்!"

பஸ் நகர்ந்த பிறகுதான் மூச்சு விடுகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னைவிடப் பெரிதாக விடுகிறார். அவர் மடியிலுள்ள கொத்தமல்லிக் கூடையை யாரும் பார்க்கவில்லை. பள்ளத்தில் பஸ் குலுங்கும்போது அதற்குள் பாட்டில்கள் கிணுகிணுக்கின்றன.

"உங்க தங்கச்சி நல்லா இருக்கணும் சாமி" என்கிறார்.