புதன்கிழமை கோப்பைக்கு ஒரு நர்ஸ்

மைதான டியூட்டி என்றால் ஓய்வு என்று நினைக்கிறவர்கள், ஒரே ஒரு மாலை அந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கம்பெனி எதையாவது தலையில் கட்டி, "சும்மா போய் நின்னுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படித்தான் துபாய் அல் கூஸில் இருக்கும் எங்கள் ஆம்புலன்ஸ் கம்பெனி, புதன்கிழமைதோறும் என்னை ரக்பி லீக் என்கிற ஆட்டத்துக்கு அனுப்பியது. நான் நாகர்கோவில்காரி. அதுவரை ரக்பியை டிவியில் சேனல் மாற்றும்போது பார்த்ததோடு சரி.

அணிக்குப் பதிமூன்று பேர், மாற்றுக்கு நான்கு பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை மற்றவர்கள் மோதிச் சாய்க்க வேண்டும். கோப்பைப் போட்டி என்பதால் தோற்றால் வெளியே, மறு வாய்ப்பு கிடையாது. துபாய், அபுதாபி நகர அணிகள் ஒரு பக்கம், லிவா, புஜைரா மாதிரி ஊர்ப்புறத்து அணிகள் மறுபக்கம். ஆட்டமெல்லாம் துபாயில்தான் என்பதால் நகரத்துக்காரர்கள் ஆபீஸிலிருந்து நேராக வருவார்கள். லிவாக்காரர்கள் மூன்று மணி நேரம் பாலைவனத்தைத் தாண்டி ஒரு சின்ன பஸ்ஸில் வருவார்கள். அவர்கள் ஒரே பாலைவன விடுதியில் வேலை பார்ப்பவர்கள். சமையல்காரர், நீச்சல்குளக் காவலர், செக்யூரிட்டி என்று பல நாட்டு ஆட்கள். இங்கிலீஷில் நடந்த பேச்சைத்தான் தமிழில் எழுதுகிறேன்.

விடை தெரியாத வாத்தியார்

தலையில் அடிபட்டவரைச் சோதிக்க எங்களிடம் ஒரு கார்டு உண்டு. இது எந்த மைதானம், முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தது யார் என்று ஐந்து கேள்விகள். சரியாகச் சொல்லவில்லையென்றால் ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

முதல் புதன்கிழமையே ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கார்டைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னார். ஐந்து டிக் போட்டு, முதுகில் தட்டி அனுப்பினேன். எனக்கு ஏக திருப்தி. எங்கள் டிரைவர் யோகன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், வண்டியில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாகக் கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் இவ்வளவு நேரமும் போனைத்தானே பாத்துக்கொண்டிருந்தனீங்கள், அவர் சொன்னது சரியோ பிழையோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கஸ்டமர் மீட்டிங்

அன்றிலிருந்து போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். யார் பந்து வைத்தது, எத்தனை புள்ளி என்று இடது கை கையுறையிலேயே பேனாவால் குறித்துக்கொள்வேன்.

வாரத்தின் நடுவில் ஆட்டம் வைத்ததன் பலனை நகரத்துக்காரர்களிடம்தான் பார்க்க வேண்டும். பேங்க் வேலைக்காரர் ஒருவருக்குப் புருவம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம். மூன்று பேர் மேலே விழுந்தபோதுகூட "உம்" என்று முனகாத மனுஷன், நான் வெள்ளை பிளாஸ்டரை எடுத்ததும் பதறிவிட்டார்: "சிஸ்டர், தோல் கலர்ல வேற இல்லையா, நாளைக்குக் காலையில எனக்குக் கஸ்டமர் மீட்டிங் இருக்கு!"

மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?

கொஞ்ச நாளில் அணிகளுக்கு என் கார்டு மனப்பாடமாகிவிட்டது. நான் கேள்வி கேட்கும்போது எனக்குப் பின்னால் யாராவது நின்று விரலால் பதிலைக் காட்டுவார்கள். லிவா அணி இதில் பலே கில்லாடி. அவர்களுக்கு ஒவ்வொரு ஆளும் முக்கியம். தோற்றால் அந்த மூன்று மணி நேரப் பயணமும் வீண், அடுத்த புதன்கிழமை வர வேலையே இல்லை.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் அவர்களுடைய நீச்சல்குளக் காவலரை உட்காரவைத்து, கார்டில் இல்லாத கேள்வியாகக் கேட்டேன். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்? பின்னால் நின்ற ஆறு பேரும் ஒரே குரலில் "சிக்கன் ஷவர்மா" என்றார்கள். திரும்பி முறைத்தேன். அவர்களுடைய சமையல்காரர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சிஸ்டர், வழியில ஒரே ஒரு பெட்ரோல் பங்க்தான் இருக்கு, பஸ்ல வந்த எல்லாரும் அதையேதான் தின்னோம்."

கதவைத் திறந்து வையுங்கள்

ஆம்புலன்ஸ் மைதானத்தில் நின்றால்தான் ஆட்டம். வண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். மாற்று வண்டி வராவிட்டால் இன்னொரு நாள் முதலிலிருந்து ஆட வேண்டும்.

காலிறுதியில் லிவா இரண்டு புள்ளி முன்னால். இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. அப்போது பார்த்து அந்தச் சமையல்காரருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்தது. கையைக் கட்டித் தொங்கவிட்டு, வலிக்கு மருந்து கொடுத்து, ஸ்ட்ரெச்சரோடு வண்டிக்குள் ஏற்றினேன். ஆட்டம் முடியாமல் வண்டி கிளம்பக் கூடாது என்று அவர் ஒரே பிடிவாதம். கை விரல்களைப் பார்த்தேன், நாடி பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது வண்டியை அனுப்பச் சொல்லி போன் போட்டேன். அது ஷேக் சையத் ரோட்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு ஊர்ந்து வந்து சேருவதற்குள் ஆட்டமே முடிந்து, லிவா ஜெயித்துவிட்டது. அந்தப் பதினோரு நிமிடமும் அவர் ஸ்ட்ரெச்சரில் சாய்ந்தபடி ஆட்டம் பார்த்தார். வெயிலும் தூசியும் வருகிறதே என்று கதவைச் சாத்தப் போனதற்கு எனக்குத்தான் திட்டு: "எலும்பு உடைஞ்சாச்சு, இனி அது எங்கேயும் போகாது, நீங்க மறைக்காம தள்ளி நில்லுங்க சிஸ்டர்."

சாவி தேடிய கை

லிவா அணியின் கேப்டன் யோனா, பிஜி தீவுக்காரர். விடுதியில் பஸ் டிரைவர். அந்தச் சின்ன பஸ்ஸை ஓட்ட லைசென்ஸ் இருந்தது அவர் ஒருவரிடம்தான். வருகிறபோதும் அவர்தான் ஓட்டுவார், எண்பது நிமிடம் மோதி எழுந்த பிறகு திரும்பிப் போகும்போதும் அவரேதான் ஓட்டுவார்.

அரையிறுதி. லிவா நான்கு புள்ளி முன்னால். முடிய எட்டு நிமிடம் இருந்தபோது ஒருவருடைய முழங்கால் யோனாவின் தலையில் பட்டது. விழுந்தார், உடனே எழுந்தார், தானாகவே நடந்து வந்தார். ஐந்து கேள்வி கேட்டேன். ஐந்துக்கும் சரியான பதில், என் கையுறையோடு ஒத்துப்பார்த்தேன். யாரும் பின்னால் நின்று விரல் காட்டவில்லை. ஆனால் பதில் சொல்லிக்கொண்டே அவர் கை இடுப்புப் பக்கம் எதையோ தடவிக்கொண்டிருந்தது. ஆட்ட டிரௌசரில் பாக்கெட்டே கிடையாது. என்ன தேடுகிறீர்கள் என்றேன். "பஸ் சாவி. நேரமாச்சு, எல்லாரையும் ஏறச் சொல்லுங்க" என்றார்.

ஆட்டமே இன்னும் முடியவில்லை. அவரை ஆட்டத்திலிருந்து எடுத்தேன். ஸ்கேன் எடுக்கும்வரை பஸ்ஸும் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேப்டன் இல்லாத கடைசி நிமிடங்களில் நகர அணி கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து, பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தும் ஏற்றி, ஆறு புள்ளி எடுத்தது. லிவா இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெளியே. அவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. காலையில் ஆறு மணிக்கு எல்லாருக்கும் டியூட்டி. பஸ் வாசலில் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. யோனாவை ஏற்றிக்கொண்டு நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். முந்நூறு கிலோமீட்டர் லாரி ரோட்டை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அணி மேனேஜர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "ஆட்டத்தை விடுங்க சிஸ்டர், அது போனா போகுது, பதினாறு பேரை இன்னைக்கு நான் எங்கே படுக்கவைப்பேன்?"

காலி கட்டம்

மைதானத்து கிளப் ஹாலில் தரையில் படுத்தார்களாம். விடுதி மறுநாள் வேறு டிரைவரை அனுப்பியது. அதோடு எங்கள் கம்பெனிக்கு ஒரு புகாரையும் அனுப்பியது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் சமையலறையில் பாதி ஆள் இல்லை, ஆம்லெட் கேட்டு விருந்தாளிகள் வரிசையில் நின்றார்களாம்.

யோனாவின் ஸ்கேனில் ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷமும் வந்தது, கூடவே ஒரு சங்கடமும் வந்தது. இந்த மாதிரி அடி ஸ்கேனில் தெரியாமலும் போகலாம் என்பது எனக்குத் தெரியும். மேலதிகாரிக்கும் தெரியும். ஆனாலும் ஃபைலுக்கு ஏதாவது வேண்டுமே. கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கம் கேட்டார். கையைப் பார்த்தேன், சாவி தேடினார் என்றேன். அவர் என் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சுக்கு அஞ்சுன்னு நீங்களே டிக் போட்டிருக்கீங்க, சாவின்னு எழுதறதுக்கு இதுல கட்டமே இல்லையேம்மா."

வியாழக்கிழமை சாயங்காலம்

அந்த அறையிலிருந்து வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து யோனா போன் செய்தார். நன்றாகக் கண்டித்துப் பேசட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் எடுத்தேன். கோபமே இல்லை. இப்போதுதான் தலை கொஞ்சம் தெளிந்திருக்கிறது, பார்க்க வந்த பையன்கள் எதையோ சொல்லாமல் மழுப்புகிறார்கள் என்றார். நேற்று பெட்ரோல் பங்கில் ஷவர்மா வாங்கியது வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம். மைதானத்துக்கு வந்தது, மோதியது, என்னிடம் ஐந்துக்கு ஐந்து வாங்கியது எதுவும் இல்லை. அந்த மனுஷன் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு இருட்டில் கிளம்பியிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அவருக்கு அதெல்லாம் தெரியாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆசையாகக் கேட்டார்: "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க சிஸ்டர், சொல்லுங்க, நாங்க ஜெயிச்சோமா?"

கேள்வி கேட்கத்தான் எங்களுக்குச் சம்பளம், பதில் சொல்லுகிற பாடெல்லாம் இலவச இணைப்பு.